பீடத்தின் முன் நிற்பது

நடக்கும்போது எனக்கு ஒன்றுமில்லை. நின்றால்தான் வியாதி. எந்தக் கப்பலை எந்தத் தளத்தில் நிறுத்துவது என்று துறைமுகத்தில் ஆயுள் முழுக்கத் தீர்மானித்தவன், ஓய்வு பெற்றதும் ஓரிடத்தில் நிற்க முடியாதவனாகிவிட்டேன். ரேஷன் கடை வரிசையோ ரயில்வே கேட்டோ, அசையாமல் நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், இதோ சாகப்போகிறோம் என்று தோன்றும். இதயம் நன்றாக இருக்கிறது, இது பதற்ற நோய், தினமும் நடங்கள் என்றார் மருத்துவர். மேலிடத்து உத்தரவாக ஏற்று, கடற்கரைச் சாலையில் இரண்டு வேளையும் விறுவிறுவென்று நடந்தேன். மனம் லேசானது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற நின்றதும் பழையபடி வந்துவிடும்.

இந்த லட்சணத்தில் மகளுக்குத் திருமணம் கூடிவந்தது. எங்கள் சபை வழக்கப்படி தகப்பன்தான் மகளைப் பீடம்வரை கைபிடித்து அழைத்துப்போக வேண்டும். 'இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார்?' என்று போதகர் கேட்கும்வரை பக்கத்திலேயே நிற்கவும் வேண்டும். முறைமை எனக்கு மனப்பாடம்: பாட்டு, ஜெபம், முன்னுரை, மணமக்களின் சம்மதம், அதன்பிறகே என் பதில். எனக்குப் பதிலாக உன் மாமா வரட்டுமே என்றேன் மகளிடம்.

"நீங்க வரலேன்னா நான் தனியா நடந்துக்கிடுதேன்" என்றாள்.

மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்தோம்.

"ஏம்ப்பா இப்படி ஓடுதிய? கல்யாணத்துக்குப் போறமா, பஸ்ஸப் பிடிக்கப் போறமா?"

"நீ ஊர்ந்தா எனக்கு மூச்சு முட்டுது, ஏளா."

திருமணத்தன்று பாடகர் குழு கடைசிச் சரணத்தைத் தொடும் முன்பே நாங்கள் பீடத்தை அடைந்துவிட்டோம். நின்றேன். ஜெபத்தைச் சமாளித்தேன். முன்னுரை முடிந்ததும் சம்மதம் கேட்க வேண்டிய போதகர், எந்த முறைமையிலும் இல்லாதபடி, இல்லறத்தையும் உப்பையும் ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினார். தூத்துக்குடியில் உப்பைப் பற்றி ஆரம்பித்தவர் எப்போது முடிப்பார்? உள்ளங்கை நனைந்தது. காது அடைத்தது. பக்கக் கதவு திறந்திருந்தது. ஓடினால் மகள் சபை நடுவே தனியாக நிற்பாள். ஓடாவிட்டால் அங்கேயே விழுவேன்.

"நான் கொடுக்கிறேன்!" என்று சொல்லிவிட்டேன், உரக்க.

பின்வரிசையில் ஒரு குரல்: "அண்ணாச்சிக்கு மகளத் தள்ளிவிட என்ன அவசரம் பாரு!" சிரிப்பு அலைபோல முன்வரிசைவரை வந்தது.

"ஐயா, நான் இன்னும் கேக்கவே இல்லையே" என்ற போதகர், மீண்டும் உப்புக்குப் போனார்.

முக்காட்டுக்குள்ளிருந்து மகள் கிசுகிசுத்தாள். "வந்துட்டுதாப்பா?"

"முடியல."

"கைய விடாதிய. என்கூட அசைங்க."

தரையைத் தொடும் சேலைக்குள் அவள் கால் மாற்றினாள். இடம், வலம். நானும் மாற்றினேன். மூச்சு கொஞ்சம் இறங்கியது. விஷயம் தெரியாத மாப்பிள்ளையும் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து அசையத் தொடங்கினார். மூவரும் அசைந்துகொண்டே உப்பைக் கடந்தோம், சம்மதத்தையும் கடந்தோம். கேள்வி வந்தது.

"நான்" என்று சொல்லி அவள் கையைப் போதகரிடம் கொடுத்தேன்.

அடுத்து நான் முன்வரிசையில் உட்கார வேண்டும். உட்காரவில்லை. பக்கக் கதவு வழியாக வெளியேறி ஆலயத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். ஒரு ஜன்னலில் வாக்குறுதி, அடுத்ததில் மோதிரம். தாலி கட்டுகிற நேரத்தில் வேப்பமரத்தடி ஜன்னலுக்கு வந்தேன். மகள் குனிந்த தலையை லேசாகத் திருப்பி, நான் அடுத்து வந்து சேரப்போகிற ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.