உப்பு ஏரி ஊரில் இரண்டு இரவு

கனடா என்றால் டொரன்டோவும் நயாகராவும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு அதிகம் உதவாது. 2009 ஆகஸ்டில், மச்சாளின் மகள் கலியாணத்துக்காக லண்டனிலிருந்து டொரன்டோ போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பெண், "உம்மட அண்ணை சஸ்கச்சவானில மோட்டல் வைச்சிருக்கிறாராமே" என்றார். எட்டு வருடமாக அண்ணன் எங்கே இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணிடமே விலாசம் வாங்கிக்கொண்டேன்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். 2001 ஜனவரியில் அவர் பிரான்சிலிருந்து விசா இல்லாமல் லண்டன் இல்ஃபோர்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் விசா வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. நாலாம் நாள் அவரை வெளியே போகச் சொன்னோம். கணவர்தான் சொன்னார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னது நான்.

டொரன்டோவிலிருந்து சஸ்கச்சவான் மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்கு விமானத்தில் மூன்றேகால் மணித்தியாலம். அங்கே வாடகைக் கார், மூன்று நாளுக்கு 141 டொலர். பிறகு 172 கிலோமீற்றர் நேர் ரோட்டு. இரண்டு பக்கமும் கோதுமை, மேலே வானம், வேறொன்றும் இல்லை. வழியில் ஒரேயொரு பெற்றோல் நிலையம்தான், அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அறையைக் கணவரின் கம்பெனிப் பெயரில் பதிந்திருந்தேன். என் பெயரைக் கண்டால் இடமில்லை என்பார் என்ற பயம்.

மாலை 6.40க்குப் போய்ச் சேர்ந்தேன். மேசைக்குப் பின்னால் அண்ணன் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார், பிறகு கொம்பியூட்டரைப் பார்த்தார்.

"வாங்கோ. ரெண்டு இரவு எண்டு இருக்கு."

"அண்ணை, நான் செல்வி."

"ஓம், தெரியுது. காலமைச் சாப்பாடு ஏழு மணியில இருந்து ஒன்பது மட்டும். பார்க்கிற இடங்கள் இதில இருக்கு." ஊர் வரைபடம் ஒன்றை எடுத்து நாலு இடத்தில் பேனையால் வட்டம் போட்டுத் தந்தார். பிறந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றே கூப்பிட்டவர் 'வாங்கோ' என்றது காதில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் அந்த நாலையும் பார்த்தேன். வேறென்ன செய்வது? ஊர் வாசலில் சீமெந்தில் ஒரு ராட்சத வாத்து, படம் எடுக்க இரண்டு நிமிடம் போதும். மரத்தால் கட்டிய பழைய தானியக் களஞ்சியம் உயரமானது, உள்ளே விடுவதில்லை. வடக்கே 11 கிலோமீற்றரில் உப்பு ஏரி. கரையெல்லாம் வெள்ளை படிந்திருக்கும். நீந்தத் தெரியாதவர்களும் மிதக்கலாம், ஆனால் கண்ணில் தண்ணீர் பட்டால் தாங்க ஏலாது.

பழைய ரயில் நிலையத்தில் சின்ன மியூசியம், மூன்று டொலர். அதைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரப் பெண்மணி, "மோட்டலிலா தங்குகிறீர்கள்? எங்கள் தீயணைப்புக் குழுவில் அவரும் ஒருவர், தங்கமான மனிதர்" என்றாள். நான் லண்டன் என்றதும், "அவரும் அங்கே கொஞ்ச நாள் இருந்தாராம். தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் கஷ்டப்பட்டாராம்" என்றாள். நான் மாட்டு வண்டிச் சக்கரம் ஒன்றைக் கவனமாகப் பார்த்தேன்.

மாலை ஐந்து மணிக்கு வரவேற்பறையில் அவர் தனியாக இருந்தபோது சொன்னேன். "அண்ணை, அண்டைக்கு நான் செய்தது பிழை. எனக்குப் பயம்."

"பயத்தில போகச் சொன்னது விளங்குது. நானும் சொல்லியிருப்பன்." குளியல் துவாய்களை மடிப்பதை அவர் நிறுத்தவில்லை. "அடுத்த நாள், விட்டுட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தனான். அது இல்லாமல் எனக்கு ஒண்டும் தெரியாது. மூண்டு தரம் மணி அடிச்சன். மேல திரைச்சீலைக்குப் பின்னால நீங்கள் நிண்டனீங்கள்."

அவர் கண்டது எனக்கு இத்தனை வருடமும் தெரியாது. அவர் திரும்பி வந்ததைக் கணவருக்கும் நான் சொன்னதில்லை. அந்தக் கண்ணாடியைக் குப்பையில் போட்டிருந்தேன்.

"துவாய் ஏதும் வேணுமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

காலையில் 130 டொலரைக் கட்டினேன். ரசீது தந்து, "கவனமாப் போங்கோ, மான் குறுக்க வரும்" என்றார். எல்லோருக்கும் சொல்வதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அறை சுத்தம், முட்டைப் பொரியல் நன்று, ஒரு நாளே தாராளம். உறவைத் தேடிப் போகிறவர்கள் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கும் ஒரு வசதி இருக்கட்டும். நான் காசு கட்டிய விருந்தாளியாகப் போய் நின்றேன். மோட்டல்காரர் என்பதால் அண்ணனால் கதவைப் பூட்ட முடியவில்லை.