மலைக்கு வந்த ஆப்பிள் செடி

சங்கராபுரத்தில் ஏறி, கல்வராயன் மலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரின் மடியில் ஒரு பெயிண்ட் வாளி. அதில், கொட்டை போட்டு வீட்டிலேயே அவர் முளைக்க வைத்த ஆப்பிள் செடி. ஜன்னல் வெயில் விழும்போதெல்லாம் தோள்துண்டை விரித்து இலைக்கு நிழல் பிடித்தார், கைக்குழந்தைக்குப் பிடிப்பதுபோல.

"மத்த கன்னுங்க எல்லாம் வெயில்ல கருகிப்போச்சிங்க. மிஞ்சினது இதான். ரெண்டு நாளு மலைக் குளிரு காட்டி வூட்டுக்கு இட்டுக்கினு வந்துடுவேன்."

"மேலேயே நட்டுட்டா பொழச்சிக்குமேங்க?"

"பொழைக்கும். என் கண்ணுல படாம பொழைச்சா எனக்கு இன்னா?" கொஞ்ச தூரம் போனதும் அவரே, "கண்ணெதிர்ல கருகினா மட்டும் இன்னா?" என்றார்.

வெள்ளிமலையில் இறங்கியதும், கீழே போகும் பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டார். தனக்கு மட்டுமா, செடிக்கும் சேர்த்தா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.