வாசனை இல்லாத எண்ணெய்

சித்தப்பாதான் அந்த டின்னை எங்கள் செம்பாக்கம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். தகரத்தில் மஞ்சளாய்ச் சூரியகாந்திப் பூ ஒன்று. பூவின் நடுவே சிவப்பாய் ஓர் இதயம்.

அப்பாவுக்கு முதல் நெஞ்சுவலி வந்துபோய் ஒரு மாதமாகியிருந்தது. எண்ணெயைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதை அம்மா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டதில் எங்கள் மூவருக்கும் இட்லி, இட்லி, மறுபடியும் இட்லி. வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கினால் கையில் பஜ்ஜிப் பொட்டலம் இல்லாமல் வீடு திரும்பாத மனிதர், வெறுங்கையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வலி அவரை ஒன்றும் செய்துவிடவில்லை, இட்லிதான் செய்தது என்று எனக்கு அப்போது தோன்றியது.

"டாக்டர் எண்ணெயைக் குறைக்கத்தானே சொன்னாரு?" என்றாள் அம்மா, டின்னைத் தொடாமலே.

"அது கடலை எண்ணெய்க்கு அண்ணி. இதுல கொழுப்பே கிடையாது. டின்லயே ஹார்ட் போட்டிருக்கான் பாருங்க" என்றார் சித்தப்பா.

அப்பா மூடியைத் திறந்து முகர்ந்தார். "இன்னாடா இது, ஞானஸ்நானத் தண்ணி மாதிரி ஒரு வாசனையும் காணோம்."

டாக்டர் குறைக்கச் சொன்னார். நாங்கள் மாற்றினோம். மாற்றுவது எவ்வளவு சுலபம். யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே வாணலி அடுப்பேறியது. வடை, அப்பளம், பூரி, வாழைக்காய் வறுவல் என்று வீடு மறுபடியும் சத்தம் போடத் தொடங்கியது. கரண்டியால் அளந்து ஊற்றிய கை இப்போது டின்னையே சாய்த்தது. கடலை எண்ணெய் இருந்தவரை மூன்றாவது வடையில் மூக்கே போதும் என்று சொல்லிவிடும். இதில் திகட்டலே இல்லை. வாணலியில் மிஞ்சியதை அம்மா வடிகட்டி வைப்பாள், மறுநாள் பொரிப்பாள், அதற்கு மறுநாள் தாளிப்பாள். இதயம் போட்ட எண்ணெயைக் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும்? எனக்கு ஒன்பது வயது. டின்னில் இருப்பது மருந்து என்று முழுதாக நம்பினேன். அப்பாவின் தட்டில் இன்னொரு வடையைத் தள்ளி, "நல்லதுப்பா, சாப்பிடு" என்பேன். அவரும் கீழ்ப்படிந்து சாப்பிடுவார்.

டிசம்பர் வந்தது. தீபாவளிக்குப் பலகாரத்தோடு வந்த தெருக்காரர்களின் தட்டுகள் எங்கள் அலமாரியில் அடுக்கியிருந்தன. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. கிறிஸ்துமஸ் வரை காத்திருந்து, முறுக்கும் சோமாசியும் வைத்துத்தான் அனுப்புவோம். அந்த வருடம் அப்பா, தானே சுடுவேன் என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டார். தான் பிழைத்துக்கொண்டதைத் தெருவுக்கே தட்டுத் தட்டாக அறிவிக்கும் ஆசை அவருக்கு.

எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "ஹார்ட் பேஷண்ட்டுன்னாங்க, நீங்களே அடுப்புல நிக்கிறீங்களே சார்?"

"பேஷண்ட் நான்தாம்மா. முறுக்கு நல்லாத்தான் இருக்கு."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். முதல் தட்டுகளை எடுத்துக்கொண்டு அம்மாவும் தெருவில் இறங்கினாள். அடுப்படியில் அப்பாவும் நானும் மட்டும்.

அப்பா ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். பிறகு சுவரைப் பிடித்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். ஏரிப்பக்கமிருந்து குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. அவர் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஓடியது. வலது கை இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லடி கண்ணு. அடுப்பு சூடு." மூச்சை இழுத்து விட்டார். "அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா மறுபடியும் இட்லிதான். உனக்கும் சேத்துதான்."

சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். தட்டிலிருந்து சூடாக ஒரு முறுக்கை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

அம்மா திரும்பியபோது அவர் எழுந்து நின்றிருந்தார். "முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டாள். "புகை" என்றார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் வாய் நிறைய முறுக்கு. ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அப்பா எல்லோரையும்விட உரக்கப் பாடினார். தட்டுகள் எல்லாம் அந்தந்த வீடுகளுக்குத் திரும்பிப் போயின. பொங்கலுக்கு முன்பே ஒரு சாயங்காலம், தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

இப்போது அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். அவளுக்குச் சர்க்கரை, எனக்கு பிரஷர் மாத்திரை. பகலெல்லாம் அவள் கையில் போன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், விதையிலிருந்து பிழிந்து சுத்திகரித்த எண்ணெய் அத்தனையும் விஷம், மாரடைப்பு முதல் சர்க்கரை வரை எல்லாம் அதனால்தான் என்கிறார். அடுத்த வீடியோவில் இன்னொருவர், அதெல்லாம் புரளி, அளவாகச் சாப்பிட்டால் நல்லதுதான் என்கிறார். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. அம்மா முதலாமவரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

"என் கையாலதான்டி ஊத்துனேன். டின்னு டின்னா ஊத்துனேன்."

"எண்ணெயால மட்டும் இல்லம்மா."

"அப்போ வேற எதால?"

அவள் என் முகத்தையே பார்க்கிறாள். ஆட்டோ பிடித்தால் ஆஸ்பத்திரி எவ்வளவு பக்கம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முறுக்கு சுட்ட அன்று அப்பா வேர்த்துத் தரையில் உட்கார்ந்ததைச் சொல்லிவிட்டால் அவள் பாரத்தில் பாதி இறங்கும். இறங்கும் பாதி யார்மேல் ஏறும் என்பதும் தெரியும். வேலை இருப்பதுபோல் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

அம்மாகிட்ட சொல்லாத என்று அப்பா சொன்னபோது, எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஒன்பது வயதுக்குத் தெரிந்திருக்கவில்லை.