மரம்பாக்கமா, மாம்பாக்கமா?

போன மாதம் என் மகளுக்கு நான்கு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, "மாம்பாக்கத்து அம்மனுக்குக் காசு முடிஞ்சு வெச்சிட்டேன், நீங்களும் வேண்டிக்குங்க" என்றாள் மனைவி. நானும் கைகூப்பினேன். மகள் வீடு திரும்பிவிட்டாள். ஆனால் மாம்பாக்கம் எங்கள் குலதெய்வத்தின் ஊர் இல்லை என்பது ஒன்பது வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

அப்போது தம்பிக்கு இரண்டு வயது. காய்ச்சல் வந்தால் வலிப்பும் கூடவே வரும். குலதெய்வத்துக்கு மொட்டை போடாததால்தான் பிள்ளை இப்படிக் கிடக்கிறது என்று ஆளுக்காள் சொல்லி, அம்மா சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஆனால் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறதென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தாத்தாவின் அப்பா எங்கிருந்தோ கிளம்பிச் சதுரங்கப்பட்டினத்துக்கு வந்தவர். அவர் இங்கே நிலம் வாங்கிய பத்திரம் ஒன்று தகரப் பெட்டியில் இருந்தது. அதில் அவருடைய சொந்த ஊர் எழுதியிருந்தது.

எழுதியிருந்ததே தவிர, படிக்க முடியவில்லை. பழைய எழுத்தில் புள்ளி கிடையாது. 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்புக்காரனான நான் எழுத்துக்கூட்டி, "மரமபரககம" என்று படித்தேன்.

"இன்னாடா, ரயிலு ஓடுறாப்ல படிக்கிற!" என்று அம்மாவின் அண்ணன் பத்திரத்தைப் பிடுங்கினார். மாமா திருக்கழுக்குன்றத்தில் பத்திரம் எழுதுகிறவர். வீட்டில் அவர் சொன்னதே தீர்ப்பு. "இது ர இல்ல, காலு. மாம்பாக்கம். கேளம்பாக்கத்தாண்ட கீதே, அதான்."

அப்பா, சாமி பேச்செடுத்தாலே கிண்டல் செய்கிறவர், இரண்டு நாள் எங்கெங்கோ அலைந்துவிட்டு வந்து, "சரி, கிளம்புங்க" என்றார்.

மாம்பாக்கத்தில் இறங்கி, பூக்காரம்மாவிடம் அம்மன் கோயிலுக்கு வழி கேட்டோம்.

"எந்த அம்மன்? இங்க மூணு கீது."

"பழைய அம்மன்" என்றாள் அம்மா.

"மூணும் பழசுதாம்மா."

மூன்றுக்கும் நடந்தோம். மூன்றாவது கோயில் வாசலில் தம்பி அழுகையை நிறுத்தினான். "இவதான்" என்றாள் அம்மா. பூசாரி அப்பாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்து, "உங்க வகையறா இப்பக்கூட வந்துகினுதான் கீறாங்க" என்றார். மொட்டை போட்டுப் பொங்கல் வைத்தோம். அன்று அம்மா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். டாக்டர் கொடுத்த மாத்திரையும் தொடர்ந்தது. வலிப்பு திரும்ப வரவில்லை. எதனால் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

பள்ளி விடுமுறையில் அந்தப் பத்திரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஊர்ப்பெயரில் அந்தக் கோடு இரண்டு இடத்தில் வருகிறது. 'ப'வுக்குப் பக்கத்தில் இருப்பது நேராக நிற்கிறது. முதல் 'ம'வுக்குப் பக்கத்தில் இருப்பதற்குக் கீழே சின்னதாக ஒரு வால். அப்படியென்றால் அது 'ர'தான். மாம்பாக்கம் இல்லை, மரம்பாக்கம். மாமாவைத் தோற்கடித்த சந்தோஷத்தில் அப்பாவிடம் ஓடினேன்.

அப்பா பத்திரத்தைப் பார்க்கக்கூட இல்லை. "தெரியும்டா" என்றார். "போறதுக்கு முன்னாடியே தாலுக்கா ஆபீஸ்ல கேட்டேன். அப்டி ஒரு ஊரே இல்லியாம்."

"இன்னா, ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"மாம்பாக்கம்னு எவ்ளோ அழகா எழுதிகீறாங்கன்னு காட்டிகினு கீறான்" என்றார் அப்பா. பத்திரத்தை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன்பிறகு அது என் கண்ணில் படவேயில்லை.

தெரிந்தே எங்களைக் கூட்டிப்போய் அப்படி நடித்தாரே என்று எனக்கு ஒரே ஆத்திரம். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அது நம் சாமி இல்லை என்று தெரிந்தவர், அன்று கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்திருக்க ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.