மூன்று கோடி சொற்களில் ஒரு 'சாரி'

பல்கலைக்கழகத்தின் அந்த இரண்டாம் மாடி ஆராய்ச்சி அறையில் அவருக்குச் சல்லடை அக்கா என்றுதான் பெயர். மனிதர்கள் நிஜத்தில் எப்படி ஆங்கிலம் எழுதுகிறார்கள் என்று ஆராய்வதற்காக, கடிதம், செய்தி, அறிவிப்பு என்று மூன்று கோடி சொற்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொன்றையும் முதலில் படித்து, திரும்பத் திரும்ப வரும் முகவரி, விளம்பரம், அச்சடித்த வாசகம் எல்லாவற்றையும் கழித்துக்கட்டுவது அக்காவின் வேலை. படித்தது என்னவோ வணிகவியல். ஆனால் பெரிய பட்டக்காரர்களும் சந்தேகம் வந்தால் அவர் மேஜையைத்தான் சுற்றுவார்கள். "அக்கா கண்ணுல மண்ணைத் தூவ இன்னும் எவனும் பொறக்கல" என்பார்கள்.

அந்த வாரம், அறையை நடத்தும் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருடத்தில் ஆங்கிலத்தில் 'சாரி' சொல்வது ஐந்து மடங்கு கூடிவிட்டதாம். உலகத்துக்கே பணிவு வந்துவிட்டதாம். திங்கட்கிழமை இதைக் கேட்டுவிட்டுத்தான் நிதிக்குழு பணம் கொடுத்து வேலையை நீட்டிப்பதா, அறையைப் பூட்டுவதா என்று முடிவு செய்யும். அக்கா வீட்டில் அந்தச் சம்பளம் ஒன்றுதான். முதுகுவலியால் கணவர் லாரி ஓட்டுவதை விட்டு ஒரு வருடமாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா சும்மா அந்தச் சொல்லைத் தட்டித் தேடினார். அது வந்த வரிகளெல்லாம், சொல் நடுவில் நிற்க, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. பகீரென்றது. நூற்றுக்கணக்கான வரிகளில் இரண்டு பக்கமும் ஒரே வாசகம். மின்சார அலுவலகம் மின்தடை அறிவிப்பு ஒவ்வொன்றின் அடியிலும் அச்சடிக்கிற வருத்தம் அது. பணிவாவது கிணிவாவது! கழிக்காமல் உள்ளே விட்டது யார்? ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அதைச் சுத்தம் செய்தவரின் குறியீடு இருக்கும். அது அவருடையதுதான். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், படிக்காமலே தள்ளிவிட்ட கட்டு.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. நாமாக இருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்போம்.

"நீயா போய் மாட்டிக்கணுமா?" என்றார் அன்றிரவு கணவர்.

"நான் சொல்லலைன்னா அவரு நாலு பேர் முன்னாடி பொய் சொல்லுவாருங்க. பொய்னு தெரியாமலே சொல்லுவாரு."

மறுநாள் காலை, "சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தார். பேராசிரியரின் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கே அந்தக் கட்டை நீக்கிவிட்டு மறுபடி எண்ணினார்கள். 'சாரி' இம்மிகூட ஏறவில்லை.

திங்கட்கிழமை பேராசிரியர் குழுவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அக்கா கடைசி வரிசையில் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழுத்தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்தம்மா கை பட்ட மத்ததை மட்டும் நாங்க எப்படிங்க நம்புறது?"

"யாரும் கேக்காதப்ப அவங்களே வந்து சொன்னாங்க. நான் நம்புறேன்" என்றார் பேராசிரியர்.

தலைவி பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ கிசுகிசுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"சரி, ரெண்டு வருஷம் தர்றோம். ஆனா அந்தம்மா இருந்தாத்தான்."