மூன்று விரற்கடை குறைந்த சங்கிலி

ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் சுருட்டிப் போட்ட இரும்புச் சங்கிலி. அதன் இரண்டு முனைகளிலும் தோடம்பழ ஆரஞ்சு நிறம் பூசிய ஆளுயரத் தடிகள். தெற்கு லண்டனில் ஒரு கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டும் வேலைக்கு நான் சேர்ந்து மூன்றாம் கிழமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு உயரமான ஒரு வெள்ளைக்காரர் என் கொட்டகை வாசலில் வந்து நின்றார். பிடிக்க வரவேண்டிய மாணவர்கள் குளிருக்குப் பயந்து வரவில்லையாம். ஒரு மணித்தியாலம் இதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். ஒரு மணித்தியாலம் மூன்றாகியது. அதன்பிறகு நான்கு வருடம் அந்தத் தடி என் கையில்தான் இருந்தது.

எல்லோரும் அவரைக் கோச் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான். அமெரிக்கர். இந்த நாட்டுத் தாதி ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்தவர். கிழமை நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார், ஞாயிறுகளில் சம்பளமில்லாமல் அந்தக் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்போல் அணியைப் பழக்கினார். அவருக்குத் துணையாக இன்னொருவர், சின்னக் கோச். ஸ்ட்ரெதமில் சலூன் வைத்திருந்தவர். எதிரணியை மறித்துப் பிடிப்பதைப் பழக்குவது அவருடைய பொறுப்பு. அவர் சத்தம் போட்டால் பக்கத்து வீதியில் நாய்கள் குரைக்கும். ஆட்டத்துக்கு முதல்நாள் தன்னிடம் தலைமயிர் வெட்ட வராத பெடியனைப் பார்த்து, "உன் தலைக்கவசத்துக்குள் குருவி கூடு கட்டப்போகுது" என்பார். கோச் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. சேர்ட் பொக்கற்றில் ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு சிறிய அட்டை வைத்திருப்பார். யாருக்கு எந்த முழங்கால் நோ, யாருடைய தகப்பன் வேலை இழந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பிள்ளைகளே, அந்த விளையாட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியை முட்டி முன்னேற வேண்டும். பந்து வைத்திருக்கிற அணிக்கு நான்கு முயற்சி. அந்த நான்குக்குள் பத்துக் கெஜம் முன்னேறிவிட்டால் மேலும் நான்கு முயற்சி கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். அந்தப் பத்துக் கெஜத்தை அளப்பதுதான் என் சங்கிலி. எந்த அணியின் மைதானத்தில் ஆட்டம் நடக்கிறதோ அந்த அணிதான் சங்கிலியும் அதைப் பிடிக்க ஆட்களும் கொடுக்க வேண்டும்.

மறுமுனைத் தடியை நோர்பரியில் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த அண்ணை பிடிப்பார். பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்கிற மனிதர், ஞாயிறு மத்தியானத்தில் நித்திரை கொள்ளாமல் என்னோடு வந்து நிற்பார். "ஏன் அண்ணை, படுக்கலாமே?" என்றால், "அறைக்குள்ளயும் இதே குளிர்தான். இஞ்சையெண்டால் தேத்தண்ணியாவது தருவாங்கள்" என்பார். நான்கு வருடமும் அந்த விளையாட்டு அவருக்குப் பிடிபடவில்லை. "ஒரு நிமிசம் ஓடுறாங்கள், பத்து நிமிசம் கூடி நிண்டு கதைக்கிறாங்கள். எங்கட ஊர்ச் சங்கக் கூட்டம் மாதிரியெல்லே இருக்கு" என்று சிரிப்பார்.

ஆட்டம் முடிந்ததும் கோச் ஒரு காரியம் செய்வார். வென்றாலும் தோற்றாலும் பெடியங்களை ஒரே வரிசையில் நிறுத்தி, மைதானத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நடக்க விடுவார். சப்பாத்து ஆணி கிளப்பிய புல்லையெல்லாம் காலால் மிதித்து அமத்திக்கொண்டே போகவேண்டும். "நாளைக்கு இங்கே ஒருத்தர் வேலை செய்ய வருவார்" என்பார். அந்த ஒருத்தர் நான்தான். இந்த நாட்டுக்கு வந்தபிறகு என் வேலையை ஒரு வேலையாக நினைத்த முதல் மனிதர் அவர்.

என் நான்காவது வருடம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு குளிர்காலத்தில் கல்லூரி அதிபர் கோச்சைக் கூப்பிட்டு ஒரு முடிவைச் சொன்னார். இந்தப் பருவத்தில் அணி அடுத்த சுற்றுக்குப் போனால் தொடர்ந்து இருக்கலாம். போகாவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தை ஹொக்கிக்குக் கொடுத்துவிடுவார்கள். முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. கோச் தன் அட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கினார், ஓடுகிறவனை மறிக்கிறவனாக்கினார், சின்னக் கோச்சோடு என் கொட்டகைக்குள் நின்று வாதாடினார். பிறகு நான்கு ஆட்டம் வரிசையாக வென்றார்கள். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், கடற்கரைப் பட்டினம் ஒன்றிலிருந்து வந்த கல்லூரியோடு. அன்று வென்றவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள்.

முதற்பாதி முடியப்போகிற நேரத்தில் அவர்களுடைய பெரிய பெடியன் ஒருவன் எல்லைக்கோட்டைத் தாண்டி எங்கள் மேலேயே வந்து விழுந்தான். அண்ணை தப்பிவிட்டார். சங்கிலி அவனுடைய சப்பாத்தில் சிக்கி நடுவில் அறுந்துபோனது. இடைவேளையில் அதைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். மூன்று வளையங்கள் கோணி வாய் பிளந்திருந்தன. யாழ்ப்பாணத்தில் நான் சைக்கிள் கடையில் வேலை செய்தவன். செயின் தளர்ந்து வந்தால் ஓர் இணைப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூட்டிக் கொடுப்போம், சைக்கிள் முன்னையிலும் நன்றாக ஓடும். கை தன் பழக்கத்தில் அதையே செய்தது. கோணிய மூன்று வளையத்தையும் குறட்டால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கம்பியால் இறுக்கிப் பூட்டினேன். சைக்கிளில் செயின் ஓடினால் போதும், இது அளக்கிற சங்கிலி என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவேயில்லை.

இரண்டாம் பாதி தொடங்கமுன் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சேர்ட்டோடு நடுவர் வந்தார். ஆட்டத்துக்கு முதல் சங்கிலியை நாடாவால் அளந்து பார்த்தவர் அவர்தான். "சரியாகிவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். "ஓம், சேர்" என்றேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணையும் நானும் எத்தனையோ சென்றிகளை, இராணுவச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்தவர்கள். சீருடைக்காரன் என்ன கேட்டானோ அதற்கு மட்டும் பதில், ஒரு சொல்லும் கூட வரக்கூடாது என்பது எங்கள் உடம்பில் ஊறிப்போயிருந்தது. என்னுடைய அகதி வழக்கும் அப்போது முடியவில்லை, குரோய்டனில் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். "கேட்டதுக்கு மட்டும் வாயைத் திற. கேளாததைச் சொன்னியெண்டால் அதிலயிருந்து பத்துக் கேள்வி முளைக்கும்" என்று அண்ணை புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுப்பார். அந்தக் கோடு போட்ட சேர்ட்டும் எனக்கு ஒரு சீருடைதான்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் நாங்கள் நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். நான்காவது முயற்சி. எங்கள் பெடியன் பந்தை அணைத்துக்கொண்டு குவியலுக்குள் பாய்ந்தான். பத்துக் கெஜம் ஆகிவிட்டதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. நடுவர் கையசைத்துச் சங்கிலியைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஓடினோம். அண்ணை பின்முனையை ஊன்றினார். நான் முன்முனையை இழுத்துப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பந்தின் மூக்கு என் தடியை ஒரு விரற்கடை தாண்டியிருந்தது. நடுவர் கையை நீட்டி, பத்துக் கெஜம் ஆகிவிட்டது என்று காட்டினார். பெடியங்கள் துள்ளினார்கள். அப்போதுதான் அது என் புத்தியில் ஏறியது. நான் வெட்டி எறிந்த மூன்று வளையமும் சேர்ந்தால் மூன்று விரற்கடை வரும்.

கரைக்குத் திரும்பி வந்ததும் அண்ணை என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"டேய், நீ வளையம் வெட்டினனியெல்லே?"

"ஓம் அண்ணை. மூண்டு."

"அந்தாள் அதைப் பற்றிக் கேட்டவரே?"

"இல்லை."

"அப்ப பேசாமல் நில்லு."

நின்றேன். கோச் என்னிலிருந்து பத்து அடி தள்ளித்தான் நின்றார். நடுவரும் அவ்வளவு தூரந்தான். அடுத்த மூன்று முயற்சியில் எங்கள் பெடியங்கள் பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்தார்கள். எதிரணியால் பிறகு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆட்டம் முடிந்தது. சின்னக் கோச் குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார். கோச்சைத் தோளில் தூக்கினார்கள். இறங்கியதும் அவர் வழக்கம்போல எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, புல்லை மிதிக்க அனுப்பினார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க ஏலாமல் போய்விட்டது. போய் அவரைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, நிலத்தில் கிடந்த வளையங்களைக் காட்டினேன்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "எவ்வளவு?" என்றார். மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினேன். "பந்து எவ்வளவு தாண்டியிருந்தது?" ஒரு விரலைக் காட்டினேன். குந்தியிருந்து ஒரு வளையத்தைக் கையில் எடுத்தார். பிறகு, "உனக்கு எப்போது தெரியும்?" என்றார்.

"அளந்தபோதே."

"அப்போது ஆட்டத்தில் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது" என்றார். "உடனே சொல்லியிருந்தால் பந்தை அவர்களிடம் கொடுத்திருப்போம். திரும்பப் பறித்திருக்கலாம், பறிக்காமலும் விட்டிருக்கலாம். ஆனால் பதினொரு நிமிடம் விளையாடியிருப்போம்." அதில் கோபம் இல்லை. மாணவனுக்குக் கணக்கில் பிழைத்த வரியைக் காட்டுவது போலச் சொன்னார்.

எழும்பி நேரே எதிரணியின் பஸ்ஸுக்குப் போனார். சங்கிலி குறைந்ததை அவர் வாயால் கேட்ட சின்னக் கோச் பின்னால் ஓடி, "மூன்று விரலுக்காக நான்கு வருடத்தைக் கொடுக்கப்போகிறாயா? உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார். கோச் திரும்பி, "சங்கிலி எங்களுடையது" என்று மட்டும் சொன்னார். நடந்ததைக் கேட்ட நடுவர், தான் கொடுத்த தீர்ப்பை இனி மாற்ற வழியில்லை என்றார். அடுத்தநாள் கோச், அடுத்த சுற்றில் எங்கள் இடத்தை அந்தக் கல்லூரிக்குக் கொடுத்துவிடும்படி போட்டி நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுதினார். அதிபர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அணி கலைந்தது.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றைப் போட்டுவிட்டு, "அந்த மனிசன் உங்களை ஏசினவரே?" என்று கேட்டா. இல்லை என்றேன். "ஏசியிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் லேசாயிருந்திருக்கும்" என்றா.

தலைக்கவசங்களைத் திருப்பிக் கொடுக்கப் பெடியங்கள் கடைசியாக வந்த நாளில்தான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. சங்கிலியைத் திருத்தியது யார் என்று கோச் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பிழை தன்னுடையது என்றிருக்கிறார். சின்னக் கோச்சுக்குக்கூட அவ்வளவுதான் தெரியும். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, என் அரைகுறை ஆங்கிலத்தில், வெட்டியது நான் என்றேன். அணித்தலைவன் என்னைப் பார்த்து, "எங்களுக்குத் தெரியும். குறடு வேறு யாரிடம் இருக்கிறது?" என்றான். இரண்டொருவர் சிரித்தார்கள். ஒருவன் தலைக்கவசத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே போனான். சின்னக் கோச் வந்து என் தலைமயிரைக் கையால் கலைத்துவிட்டு, "கடைக்கு வா, வெட்டிவிடுகிறேன்" என்றார். போகும்போது கோச் கைகொடுத்தார். "அடுத்த முறை என்னிடம் வராதே. அந்தக் கோடு போட்ட சேர்ட்டுக்காரரிடம் நேரே போ" என்றார். அடுத்த வருடம் மனைவியோடு அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு தகவலும் இல்லை.

நீங்கள் மூன்று பேரும் சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து சொன்னால், எதை உடைத்தாய் என்று நான் கேட்டதில்லை. "எப்ப தெரியும்?" என்றுதான் கேட்பேன். அதை வைத்து என்னைப் பகிடி பண்ணுவீர்கள், என் குரலில் பேசிக் காட்டுவீர்கள். ஏன் கேட்டேன் என்று சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. அந்த அணி எப்படியும் தோற்றிருக்கலாம், யார் கண்டது? ஆனால் அந்தப் பதினொரு நிமிடத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டவன் நான். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இன்றுவரை ஒரு வழியும் கிடைக்கவில்லை.

போன கிழமை நான் கடையில் சாமான் எடுத்துக்கொண்டு நிற்கையில் சின்னவள் எனக்கு ஃபோன் எடுத்தாள். வேலைக்குப் போகிற வழியில் நிறுத்தியிருந்த கார் ஒன்றில் இடித்துவிட்டாளாம். ஒருவருக்கும் காயமில்லை. வீதியில் ஒரு சனமும் இல்லை, கண்டவர் யாருமில்லை. என் வாய் பழக்கத்தில் கேட்கப் போனது. அதற்கு முன்னமே அவள் சொல்லிவிட்டாள்:

"ஜஸ்ட் நவ் அப்பா. இன்னும் ஒரு நிமிசமும் ஆகேல்லை. நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டிப்போட்டு வாசலில நிக்கிறன்."

ஃபோனுக்குள் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.