கமான் பட்டை மாற்றியவர்

கள்ளக்குறிச்சியில் என் பழைய அம்பாசிடருக்கு, குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டை மாற்றியவர் குள்ளமான மனிதர். ஒரு புருவம் வெல்டிங்கில் தீய்ந்துபோயிருக்கும். வேலை முடிந்ததும் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என்னை வண்டியை ஓட்டச் சொல்லி, குலுங்குகிறதா என்று பார்ப்பார். இடுப்பு முறிந்த என் அம்மாவைக் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அலுங்காமல் கொண்டுபோய் வரத்தான் புதுப் பட்டை போட்டேன். ரோட்டுப் பள்ளத்தில் ஒரு கூடை மண் கொட்ட ஒருவனுக்கும் வக்கில்லை.

மறுவாரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனால், இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தவர்கள் டவுனுக்குள் நுழையும் இடத்தில் புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். அதன்மேல் உட்கார்ந்திருந்தவர் அவரேதான்.

"யோவ், இன்னாயா இது? நீ செஞ்ச வண்டிய நீயே மறிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

"அது தொழிலுங்க. இது எம் புள்ளைங்க படிப்புக்கு. மரத்த எடுக்க மாட்டோம்" என்றார். பிறகு பின்கதவைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். "அம்மாவ நாங்க தூக்கினு போறோம்."

பக்கத்து வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டில் வந்தது. நாலு பேர் மரத்தைச் சுற்றி வயலில் இறங்கி, ஆஸ்பத்திரி வரை அம்மாவைச் சுமந்தார்கள்.

"மெதுவாடா, குலுக்காத!" என்று வழியெல்லாம் மற்றவர்களை அவர் அதட்டினார். நான் திட்டிக்கொண்டே பின்னால் நடந்தேன்.

கட்டிலை இறக்கியதும் அம்மா என்னிடம், "உன் காரவிட இது தேவலடா" என்றாள்.

அந்த ஆத்திரம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.